ரயில் ஊழியர்களின் கழகம்

கேள்வி: தென்னமெரிக்காவின் பழைய உதைபந்தாட்டக் கழகங்கள் எல்லாம் செல்வந்தர்கள் தொடங்கியவையா? – வாசகர், பதுளை

பதில்: இல்லை. உருகுவேயின் பெனரோல், 1891இல் மொண்டிவிடியோவில் ஆங்கிலேய ரயில் கம்பனியின் ஊழியர்கள் தொடங்கியது. தொடக்கத்தில் அது கிரிக்கெட் கழகம். அடுத்த ஆண்டே உதைபந்தும் சேர்ந்துகொண்டது. ரயில்வேயின் மஞ்சளும் கறுப்பும்தான் இன்றைக்கும் அதன் ஜேர்சி நிறம். ரயில் பட்டறை இருந்த பகுதியின் பெயரே கழகத்துக்கும் நிலைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர் இசபெலினோ கிராடின். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்த பெனரோல் வீரர். 1916இல் நடந்த முதல் தென்னமெரிக்கச் சாம்பியன் போட்டியில் அதிக கோல் அடித்தவர் அவரே. 1960இல் தென்னமெரிக்கக் கழகங்களுக்கான கொப்பா லிபெர்டடோரெஸ் போட்டி முதன்முறை நடந்தபோது கிண்ணம் பெனரோலுக்கே போனது.

இத்தனையும் நமக்குத் தெரிவது, அவர்கள் பதிவுகளைக் காத்து வைத்ததால். உங்கள் தோட்டத்து விளையாட்டுக் கழகத்தின் பழைய கொப்பிகள், போட்டோக்கள் இருந்தால் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள்.