வீட்டில் பிரஷர் பார்ப்பவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கொலன்னாவையில் பஸ் ஏறி, வேர்த்து விறுவிறுத்து, கிளினிக் வரிசையில் காத்துக் களைத்த பிறகு பார்க்கும் பிரஷர், வீட்டில் பார்ப்பதைவிடக் கூடவே காட்டலாம். அதனால்தான் கிளினிக்கில் 140/90 என்றால் கூடுதல், வீட்டில் 135/85 என்றாலே கூடுதல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் அளவை மட்டும் வைத்து வைத்தியரால் பொதுவாக முடிவெடுக்க இயலாது. அவருக்குத் தேவை ஒரு கிழமைக் கணக்கு.

செய்ய வேண்டியவை

- வெள்ளவத்தையில் வாங்கினாலும் கொட்டாஞ்சேனையில் வாங்கினாலும் மேற்கையில் கட்டும் மெசினாகப் பார்த்து வாங்குங்கள். பட்டி சின்னதென்றால் பிரஷரைக் கூட்டிக் காட்டும். கைக்கு அளவானதைக் கேளுங்கள். ஒருமுறை கிளினிக்குக்குக் கொண்டுபோய் அங்குள்ள மெசினோடு ஒப்பிடுங்கள்.
- முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடவோ, பிறகு எப்போதும் அந்தக் கைதான்.
- சலம் கழித்துவிட்டு, சாய்மானமுள்ள கதிரையில் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பாதங்கள் நிலத்தில், கை மேசையில், பட்டி நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும்.
- காலையில் குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னர், இரவு படுக்க முன்னர், ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டிரண்டு தடவை பாருங்கள்.
- கிளினிக் நாளுக்கு முந்திய ஏழு நாளும் கொப்பியில் எழுதுங்கள்: “திங்கள், காலை 6.30: 146/90, 138/86, நாடி 78.” முதல் நாளை விட்டு, மற்ற ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள்.
- களனி கங்கை பெருகினால் சாமான் தேட நேரமிராது. 2016 மே வெள்ளம் நமக்குத் தெரியும். மழைக்காலத்தில் குளிசை, கிளினிக் கொப்பி, மெசின் மூன்றையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

செய்யக்கூடாதவை

- பிளேன்டி குடித்தோ, சிகரெட் பிடித்தோ, மாடிப்படி ஏறியோ அரை மணித்தியாலத்துக்குள் பார்க்காதீர்கள்.
- கதைத்துக்கொண்டோ, கால்மேல் கால் போட்டோ, சட்டைக் கைக்கு மேல் பட்டியைக் கட்டியோ பார்க்காதீர்கள்.
- கூடிவிட்டதே என்று பத்துத் தடவை அமத்தாதீர்கள். பதற்றம் இன்னும் கூட்டும்.
- நல்ல அளவை மட்டும் பொறுக்கி எழுதாதீர்கள். ஏமாறுவது வைத்தியர் மட்டுமல்ல.
- 120/80 வந்துவிட்டதென்று குளிசையை நிறுத்தாதீர்கள். குறைத்தது அந்தக் குளிசைதான். பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையையும் கேட்டு வாங்காதீர்கள்.
- குளிசை போடுகிறோம்தானே என்று கருவாட்டையும் ஊறுகாயையும் தாராளமாக்காதீர்கள்.
- நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் மெசினை மட்டும் நம்பாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியது

180/120 அல்லது மேலே காட்டினால் ஐந்து நிமிடம் இருந்து மறுபடி பாருங்கள். குறையாவிட்டால், வருத்தம் எதுவும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். குளிசையை இரட்டிப்பாக்க வேண்டாம். நெஞ்சுநோ, மூச்சுமுட்டு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் சோர்வு, திடீர்ப் பார்வை மங்கல் இருந்தால் மெசினைத் தேட வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.