எல்லை அறியாத காற்றும் எல்லைக்குட்பட்ட சட்டமும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியாகும். தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே கோவை, பொள்ளாச்சிப் பகுதிகளை நோக்கி வீசுகிறது. பனிக்காலத்திலோ கிழக்குக் காற்று அதே வழியில் பாலக்காட்டினுள் புகுகிறது. பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் நிறைந்த கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையும், வாளையாறு சிமெண்ட் ஆலையும், கோவை வட்டாரத்து வார்ப்படத் தொழிலகங்களும் இக்காற்றின் பாதையிலேயே அமைந்துள்ளன. ஆகவே, பருவத்துக்கேற்ப ஒரே ஊர் புகையை அனுப்பும் ஊராகவும் அதனைப் பெறும் ஊராகவும் அமையக்கூடும்.

சட்டத்தின் பார்வை வேறு. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, மாநில அரசு தன் வாரியத்தைக் கலந்து, மாநிலத்துக்கு உட்பட்ட பரப்பையே மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்க இயலும். ஆலைக்கு இசைவு வழங்குவதும், உள்ளே சென்று சோதனையிடுவதும் அந்தந்த மாநில வாரியத்தின் பொறுப்பு. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் புகையைப் பற்றி முறையிடும் சிற்றூர்வாசிக்குத் தன் மாநில வாரியத்தால் நேரடி நிவாரணம் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் தர அளவுகளில் வேற்றுமை ஏதுமில்லை: நுண்துகள் (2.5 மைக்ரான்) ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 40 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்ற 2009ஆம் ஆண்டு வரம்பு இரு மாநிலங்களுக்கும் பொதுவானது. குறை நிர்வாக அமைப்பில்தான் உள்ளது.

ஆற்றுக்கு வடிநிலம் உள்ளதுபோல் காற்றுக்கும் ஒரு வட்டாரம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தைக் கட்டுப்படுத்த, 1970களில் நான்கு கவுண்டிகள் ஒரே ஆணையத்தின்கீழ் கொணரப்பட்டன. நம் நாட்டில் டில்லிக்கும் அதனை அடுத்த மாநிலப் பகுதிகளுக்குமாகக் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. பாலக்காட்டில் டில்லியின் புகைமூட்டம் இல்லை. அத்தகைய பேரமைப்பும் இங்குத் தேவைப்படாது. மாநில வாரியங்களை ஒருங்கிணைத்து, அவற்றிடையே எழும் பிணக்குகளைத் தீர்க்கும் கடமையைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு மத்திய வாரியத்துக்கு ஏற்கெனவே அளித்துள்ளது. கணவாயின் இரு முனைகளிலும் கூட்டு அளவீட்டு நிலையங்கள், பொதுவான பதிவேடு, பருவக்காற்றை ஒட்டிய சோதனை ஆகியவற்றுக்கு இப்பிரிவே அடிப்படையாகலாம்.

இடுக்கி எல்லைக்கு இதே ஏற்பாட்டை அப்படியே நீட்டுவது பொருந்தாது. போடிமெட்டிலும் குமுளியிலும் கேரளத்துக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இடையே மலையே சுவராக நிற்கிறது. வட்டாரத்தை வரையறுக்க வேண்டியது நில அமைப்பும் காற்றோட்டமுமே.

வாளையாற்றில் சரக்கு லாரிகள் புகை கக்கி நின்ற நீண்ட வரிசைகள், 2017இல் வணிகவரிச் சோதனைச் சாவடி மூடப்பட்டதும் குறைந்தன. அது மாசுச் சட்டத்தின் விளைவன்று. சரக்கு, சேவை வரியின் விளைவு. உருக்காலைகளின் புகைக்கு அத்தகைய தற்செயல் தீர்வு இல்லை. வடிகட்டும் கருவிகளின் செலவைச் சிறு ஆலைகள் எவ்வாறு தாங்கும், ஒரு மாநிலத்தில் விதி கடுமையானால் அவை எல்லை தாண்டி இடம் பெயருமா என்பவற்றை இரு வாரியங்களும் ஒருங்கே அமர்ந்து முதலில் ஆராய வேண்டியுள்ளது.