கைநடுக்கத்தோடு வருபவரை நம்புங்கள்

சிங்கப்பூரின் டான் டொக் செங் மருத்துவமனை வளாகத்திலுள்ள தேசிய நரம்பியல் கழகத்திலோ வேறு மருத்துவமனையிலோ மருத்துவராகப் பணி தொடங்கும் தம்பி தங்கைகளே, செயல்பாட்டு இயக்கக் கோளாறு பற்றிச் சில வார்த்தைகள். மூளையில் கட்டியோ அடைப்போ இல்லாமல், அசைவை மூளை நடத்தும் விதம் பிசகுவதே இந்த நோய்.

1. ‘நடிப்பு’ என்ற சொல்லை மறந்துவிடுங்கள். கட்டுமானத் தளத்தில் கால் ஓய்ந்துபோன வெளிநாட்டு ஊழியருக்கு, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஏற்கெனவே இருக்கும். உங்கள் சந்தேகத்தையும் அவர் சுமக்க வேண்டாம்.

2. ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அறிகுறியைத் தேடுங்கள். 1908-ல் சார்லஸ் ஹூவர் விவரித்த சோதனை இன்றும் உதவும். ஓய்ந்த காலின் குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வையுங்கள். அழுத்தச் சொன்னால் வலு வராது. உங்கள் மறுகையால் தடுத்தபடி, நல்ல காலைத் தூக்கச் சொல்லுங்கள்; ஓய்ந்த குதிகால் தானாக அழுத்தும்.

3. ஒரு கை நடுங்கினால், மறுகை விரல்களை நீங்கள் போடும் தாளத்துக்குத் தட்டச் சொல்லுங்கள். தாளத்தை மாற்றிப் பாருங்கள். நடுக்கம் நின்றாலோ, அந்தத் தாளத்துக்கே மாறினாலோ விடை தெரியும். பார்க்கின்சன் நடுக்கம் அப்படி இணங்காது.

4. கண்டதை ஒளிக்காமல் நோயாளிக்கே காட்டுங்கள். “அண்ணே, கவனம் வேறு பக்கம் போனதும் வலு வருது பாருங்க. நரம்பு கெடல, திரும்பப் பழக்கலாம்” என்று சொல்லுங்கள். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.

5. மனக்கவலை இருந்தே தீரவேண்டும் என்று துருவாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-லேயே அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. சிறு அடி, காய்ச்சலுக்குப் பிறகும் இது வரும். கவலை இருந்தால், நம்பிக்கை வந்தபின் அவரே சொல்வார்.

6. இந்நோயை அறிந்த பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்கள். பின்னோக்கி, பக்கவாட்டில், தாளத்துக்கு நடக்கும்போது பலருக்குக் கால் சரளமாகும். அவசரப்பட்டுச் சக்கர நாற்காலி கொடுத்தால் பிசகே பழக்கமாகிவிடும்.

7. வீரமாகாளியம்மன் கோவிலில் நேர்ந்துகொள்ளும் குடும்பத்தைக் கேலி செய்யாதீர்கள். 1970களில் இங்குள்ள தொழிற்சாலைகளில் பெண் ஊழியர்கள் கூட்டமாக அலறி மயங்கியபோது போமோ என்ற மலாய் மந்திரவாதியை அழைத்ததும் உண்டு. கும்பிடட்டும், பயிற்சிக்கும் வரட்டும்.

8. நோயின் பெயரைச் சொல்லிவிட்டுக் கைகழுவாதீர்கள். பார்க்கின்சனோ வலிப்போ இதனோடு சேர்ந்தும் இருக்கலாம். மறுபடி வரச் சொல்லுங்கள், மறுபடி சோதியுங்கள். இந்த நோயாளிகளை எத்தனையோ கதவுகள் திருப்பி அனுப்பியிருக்கும். உங்கள் கதவு அதில் சேரவேண்டாம்.