65 வயது மட்டும் போதாது, ஆறு மாதமும் வேண்டும்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். வயது 67. மகன் ஸ்பொன்சர் செய்ததில் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து, பெப்ரவரி கடைசியில் ஸ்காபறோ வந்து சேர்ந்தேன். ஒன்ராறியோவில் 65 தாண்டியவர்களுக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் வேண்டாம், அடையாள அட்டை போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஜூனில் பன்னிரண்டு வயதுப் பேரனோடு சிம்கோ ஏரிக்குப் போகலாமா? ஜூலையில் என் தம்பியும் ஜேர்மனியிலிருந்து வருகிறார். அவருக்கு வயது 70.

— ஒரு வாசகர், ஸ்காபறோ

பதில்: ஐயா, தாராளமாகப் போகலாம். ஆனால் இந்த ஜூனில் அடையாள அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அயலவர் சொன்னது அவருக்குச் சரி. உங்களுக்கு ஓகஸ்ட் கடைசியில்தான் சரியாகும்.

65 வயதுச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. வசிப்பவர் என்று எண்ணப்பட இரண்டு விஷயங்கள் வேண்டும். உங்கள் முதன்மை வீடு கனடாவில் இருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். குடியுரிமை இருக்கிறதா என்று இதில் யாரும் கேட்பதில்லை. நிரந்தர வதிவிட அட்டை (பி.ஆர். கார்ட்) கையில் இருக்கிறதே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த அட்டை குடிவரவுச் சட்டத்துக்குப் போதும். மீன்பிடிச் சட்டம் நீங்கள் வாழ்ந்த நாளை எண்ணுகிறது. இடையில் ஊருக்குப் போய் ஒரு மாதம் நின்றுவிட்டு வந்தால் அந்தத் தொடர்ச்சி கேள்விக்குள்ளாகும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் நிறைந்த பிறகு காசும் இல்லை, படிவமும் இல்லை. பெயரும் பிறந்த திகதியும் உள்ள, கனடிய அரசு வழங்கிய அடையாள அட்டையே உங்கள் அனுமதிப்பத்திரம். அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் போனதற்குச் சமம்.

அதுவரை வெளிநாட்டவருக்கான அனுமதிப்பத்திரம் எடுங்கள். ஒரு நாளுக்கானதும் எட்டு நாளுக்கானதும் வருடத்துக்கானதும் இருக்கின்றன. ஒரு நாள் பத்திரத்துக்கு ஒன்ராறியோவின் ‘அவுட்டோர்ஸ் கார்ட்’ என்ற அட்டை தேவையில்லை, மற்றவற்றுக்குத் தேவை. இணையத்தில் எடுக்கலாம், மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகள் சிலவற்றிலும் கிடைக்கும். ஜூனில் தந்தையர் தின வார இறுதியில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மீன் பிடிக்கலாம் என்று கேள்விப்படுவீர்கள். அதுவும் கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான். உங்கள் தம்பிக்கு 70 ஆனாலும் 90 ஆனாலும், ஜேர்மனியில் வசிக்கும் வரை பத்திரம் எடுத்தே ஆக வேண்டும். பேரன் 18 வயதுக்குக் கீழ் இருக்கிறபடியால் அவருக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் அவர் தூண்டிலைக் கொஞ்ச நேரம் நீங்கள் வாங்கிப் பிடித்திருந்தாலும் அது நீங்கள் மீன்பிடித்ததுதான்.

பத்திரம் இலவசம் என்பதால் அளவும் இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். முதியோருக்கும் விளையாட்டு மீன்பிடிக்கான உச்ச அளவுதான்: மஞ்சள் பேர்ச் என்றால் 50, பாஸ் என்றால் ஆறு. பருவம் மூடியிருக்கும் மீன் கொளுவினால் உடனே தண்ணீரில் விட வேண்டும். ஒன்ராறியோ 20 மீன்வள வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வலயத்துக்கு வலயம் திகதியும் அளவும் மாறும், சிம்கோ ஏரிக்கென்று தனி விதிகளும் உண்டு. போகுமுன் அந்த வருடத்து மீன்பிடி விதிகளின் சுருக்கக் கையேட்டைப் பேரனோடு இருந்து ஒருமுறை வாசியுங்கள்.

நம்மவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என் அப்பாவை முதன்முதல் ஏரிக்குக் கூட்டிப்போனபோது, பிடித்த பேர்ச்சை அங்கேயே செதில் உரித்து, தோலை நீக்கி, குழம்புக்கு நறுக்கிப் பையில் போடத் தொடங்கினார். ஊரில் கரையிலேயே அரிந்து கொண்டுபோய்ப் பழகிய கை. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர்தான் தடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனை அதிகாரி பார்த்தால், எத்தனை மீன், என்ன இனம் என்று எளிதாகத் தெரிய வேண்டும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் துண்டில் பெரிதாகத் தோலை விட்டுவையுங்கள். குழம்புத் துண்டு வீட்டில் போடலாம். மிஞ்சியதை அயலுக்குக் கொடுங்கள், ஆனால் ஒரு டொலருக்கும் விற்கக்கூடாது.

இரைக்கு வாங்கிய சின்ன மீன்கள் மிஞ்சினால், பாவம் என்று ஏரியில் விட்டுவிடாதீர்கள். இரை வாளியைத் தண்ணீரிலோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டுவது குற்றம். விரால் இனத்து மீன் எதையும் இங்கே உயிரோடு வைத்திருக்கவே தடை என்பதைத் தம்பிக்கும் சொல்லிவையுங்கள். ஊர் மீன் நினைவில் இந்த ஏரிகளுக்கு அப்படியொரு தீங்கு யாரும் செய்துவிடக் கூடாது.

கடைசியாக, அடையாள அட்டையோடு மீன்பிடிக்கும் இந்த வசதி ஒன்ராறியோ எல்லையோடு முடிகிறது. ஒட்டாவா ஆற்றின் மறுகரையில் கியூபெக் விதி. ஆயிரம் தீவுகள் பக்கம் படகில் போய், அமெரிக்கப் பக்கத் தண்ணீரில் தூண்டில் போட்டால் நியூயோர்க் மாநிலப் பத்திரம் கேட்பார்கள்.