கணினி ஏன் கடினமாகவே கேட்கிறது?

அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரிய உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வு பற்றி வந்த கடிதங்களுக்கு, நர்சிங் கல்லூரி ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்.

சென்னை மையத்தில் தேர்வு எழுதினேன். கேள்விகள் போகப் போகக் கடினமாகிக்கொண்டே வந்தன. 85-வது கேள்வியோடு தேர்வு முடிந்துவிட்டது. தோழிக்கு 130-ஐத் தாண்டியும் கேள்விகள் வந்தனவாம். தோற்றுவிட்டேன் என்றே தோன்றுகிறது. சோறு இறங்கவில்லை மேடம்.
— வாசகி, நாகர்கோவில்

முதலில் சாப்பிடுங்கள் தங்கச்சி. 85-ல் நின்றதை வைத்து நீங்கள் தேறினீர்களா, தவறினீர்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் பல்கலைக்கழகத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஐம்பது வாங்கினால் பாஸ். என்கிளெக்ஸ் 1994-ல் காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறியபோதே அந்த முறையைக் கைவிட்டுவிட்டது. இதில் ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு கடினம் என்ற அளவு உண்டு. நீங்கள் ஒரு விடை சொன்னதும் கணினி உங்கள் திறனை மறுபடி கணக்கிடுகிறது. அடுத்து, நீங்கள் சரியாகச் சொல்வதற்கும் தவறாகச் சொல்வதற்கும் ஏறத்தாழ சம வாய்ப்புள்ள ஒரு கேள்வியை எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே நன்றாகப் படித்தவருக்கும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் தவறத்தான் செய்யும். கடினமாக இருந்தது என்றால், சரியாகச் சொல்லச் சொல்ல கணினி உங்களை மேலே ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது என்றும் பொருள்.

கண் மருத்துவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பாரே, அதுபோலத்தான். சிலருக்குப் பவர் சீக்கிரம் பிடிபட்டுவிடும், சிலருக்கு நேரமாகும். உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று 95 சதவீத உறுதி கிடைத்தவுடன் கணினி நிறுத்திவிடும். குறைந்தபட்சம் 85 கேள்விகள், அதிகபட்சம் 150. உங்கள் தோழி கோட்டுக்கு அருகிலேயே நெடுநேரம் நின்றிருக்கிறார், அவ்வளவுதான். இன்னொன்று: அந்த முதல் 85-ல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அவை வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அவை என்று நமக்குத் தெரியாது. உங்களைக் கலங்கடித்த ஏதோ ஒரு கேள்வி அந்த வகையாகக்கூட இருக்கலாம்.

முடிவை நீங்கள் விண்ணப்பித்த மாநிலத்தின் நர்சிங் வாரியம்தான் அறிவிக்கும். ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை மற்றவர்களின் எண்ணிக்கையோடு உங்கள் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டாம்.

தெரியாத கேள்வியை விட்டுவிட்டு, கடைசியில் வந்து எழுதலாமா?
— வாசகர், தேனி

முடியாது. விடை சொன்னால்தான் அடுத்த கேள்வி வரும், சொன்ன விடையைத் திரும்பிப் போய் மாற்றவும் இயலாது. இடைவேளை உட்பட மொத்தம் 5 மணி நேரம். 85 கேள்விகளை முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டால் தோல்விதான். அதற்காகக் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தித் தள்ளாதீர்கள். தவறுகள் தொடர்ந்து சேர்ந்தால், சம்பாதித்து வைத்த அளவும் சரிந்துவிடும்.

பத்தாண்டுக்கு மேல் ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மாதிரித் தேர்வுகளில் "யாரை முதலில் பார்ப்பீர்கள்", "எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பீர்கள்" என்ற கேள்விகளில் விழுந்துவிடுகிறேன். நேற்றுப் படித்து வந்த பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள். அனுபவத்துக்கு மதிப்பில்லையா?
— வாசகி, வேலூர்

மதிப்பு உண்டு. ஆனால் உங்கள் அனுபவம் வேறொரு வார்டில் கிடைத்தது.

நம் வார்டில் உடம்பு துடைப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் நோயாளியோடு தங்கும் சொந்தக்காரர். மற்ற அத்தனையும் ஸ்டாஃப் நர்ஸ். அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியர், அவருக்கு அடுத்த நிலையில் உரிமம் பெற்ற செவிலியர், அவர்களுக்குக் கீழே உதவியாளர் என்று அடுக்கு உண்டு. உடல்நிலை சீராக உள்ளவரைக் குளிப்பாட்டும் வேலையை உதவியாளரிடம் விடலாம். பக்கவாதம் வந்தவருக்கு முதல் முறை உணவு கொடுப்பதை விடக் கூடாது, ஏனென்றால் அவரால் விழுங்க முடிகிறதா என்று மதிப்பிட வேண்டும். மதிப்பிடுவது, நோயாளிக்குக் கற்பிப்பது, சிகிச்சைக்குப் பலன் கிடைத்ததா என்று பார்ப்பது ஆகிய மூன்றும் பதிவு பெற்ற செவிலியரின் கையை விட்டுப் போகக் கூடாதவை.

"யாரை முதலில்" கேள்விக்கு ஓர் உதாரணம். நால்வர் இருக்கிறார்கள்: அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் வலி தாங்கவில்லை என்கிறவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடன் ஆக்சிஜன் அளவு 90 காட்டுகிறவர், டிஸ்சார்ஜுக்குக் காத்திருப்பவர், சர்க்கரை 62-க்கு இறங்கி வியர்த்துக் கொட்டுகிறவர். நம் பழக்கத்தில் யார் சத்தமாகக் கூப்பிடுகிறாரோ அவரிடம் ஓடுவோம், அல்லது 90-ஐப் பார்த்துப் பதறுவோம். அந்த நுரையீரல் நோயாளிக்கு 90 எதிர்பார்க்கக் கூடியதுதான். அறுவை சிகிச்சைக்குப் பின் வலியும் எதிர்பார்த்ததே. எதிர்பாராததும் உடனே உயிருக்கு ஆபத்தானதும் அந்த 62 தான்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் கேட்டால் நாம் தலையாட்டுவோம். அந்தத் தேர்வில், விவரம் புரியும் நிலையிலுள்ள நோயாளியைத் தாண்டிக் குடும்பத்தாரிடம் பேசும் விடை பெரும்பாலும் தவறு. டாக்டர் எழுதிய மருந்தளவு தவறாகத் தெரிந்தால், கொடுக்காமல் நிறுத்திவைத்து அவரையே அழைத்துக் கேட்பதுதான் சரியான விடை. "டாக்டர் எழுதினார், கொடுத்தேன்" என்பது அங்கே பதிலாகாது. இங்கேயும் அது பதிலாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மேலதிகாரியிடம் கேள்வி கேட்கப் பயப்படும்படி நம் மாணவிகளை வளர்த்துவிட்டு, அவர்களிடம் மருந்து ஊசியைக் கொடுக்கிறோம். தேர்வுக்காகக் கற்கும் இந்தத் துணிவை நாளைக் காலை டியூட்டியிலேயே பயன்படுத்துங்கள்.

உங்கள் அனுபவம் கைகொடுக்கும் இடமும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் ஒரே நோயாளியின் குறிப்பு, ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாம் திரையில் தந்து, அவரைப் பற்றி வரிசையாக ஆறு கேள்விகள் கேட்கிறார்கள். குறைந்தது இப்படி மூன்று நோயாளிகள் வருவார்கள். சிறுநீர் குறைகிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது, ரத்த அழுத்தம் இன்னும் விழவில்லை என்றால் என்ன நடக்கப்போகிறது என்று ஐ.சி.யு. நர்ஸுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு இப்போது பகுதி மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் தவறானதைத் தொட்டால் கிடைத்ததில் கழிப்பார்கள். மருந்துப் பெயர்களை மட்டும் அமெரிக்க வழக்கில் பழகுங்கள்: பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் அல்பியூட்டரால்.

"தேர்வில் வந்த கேள்விகளை அப்படியே தருகிறோம், அமெரிக்க வேலையும் உறுதி" என்று ஒரு ஏஜென்சி பெருந்தொகை கேட்கிறது. அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன்.
— வாசகி, திண்டுக்கல்

வைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் கணினி வேறு வேறு கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அடுத்தவருக்கு வந்த கேள்வி உங்களுக்கு எதற்கு? மேலும், கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வே தொடங்கும். மீறினால் முடிவு ரத்தாகலாம்.

வழியை நீங்களே அறிந்துகொள்ளுங்கள். ஒரு மாநில நர்சிங் வாரியத்துக்கு விண்ணப்பித்து, உங்கள் கல்லூரியும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலும் தரும் சான்றுகளைச் சரிபார்ப்புக்கு அனுப்பவைக்க வேண்டும். பியர்சன் வியூ நிறுவனத்தில் தேர்வுக்குப் பதிய 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுத மேலும் 150 டாலர். வாரியத்தின் கட்டணம் தனி. அனுமதிக் கடிதம் வந்ததும் தேதி எடுக்கலாம். தேர்ச்சி பெற்றாலே விசா கிடைத்துவிடாது: ஆங்கிலத் தேர்வும் விசாஸ்கிரீன் என்ற சரிபார்ப்புச் சான்றும் வேண்டும், குடியேற்ற விசாவுக்கு வருடக்கணக்கில் காத்திருப்போரும் உண்டு. இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம்.

இரண்டு முறை தவறிவிட்டேன். வயது 36. "போதும், விட்டுவிடு" என்கிறார்கள் வீட்டில்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வயது வரம்பு இல்லை. ஒரு முறை தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். சில மாநிலங்கள் முயற்சிகளுக்கு வரம்பு வைத்திருக்கின்றன, உங்கள் வாரியத்தின் விதியைப் பாருங்கள். தவறியவர்களுக்கு ஓர் அறிக்கை வருமே, அதைக் கோபத்தில் கிழித்துப் போடவில்லைதானே? ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் தேர்ச்சி அளவுக்கு மேலேயா, அருகிலா, கீழேயா என்று அதில் இருக்கும். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் "கீழே" என்று வந்த பகுதிகளை மட்டும் முதல் மாதம் படியுங்கள். "அருகில்" என்று வந்தவற்றை இரண்டாம் மாதம். வீட்டாரிடமும் அந்தத் தாள்களைக் காட்டுங்கள். கீழே இருந்த பகுதி இரண்டாம் முறை அருகில் வந்திருந்தால், அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.