எழினி முதல் இணையத்திரை வரை

நுழையும்முன்

ஊர்கூடிக் காண்பது கூத்து. ஊர்கூட இயலாத காலம் வந்தபோது கலைகள் இணையத்தின் வழியே வீடுகளைத் தேடிச் சென்றன. கைப்பேசியின் சிறுதிரையில் காணும் விழா, களத்தில் காணும் விழாவுக்கு ஈடாகுமா? கலையைக் காப்பதற்கு அஃது எவ்வளவு துணைசெய்யும்? தருமபுரி வட்டாரத்துப் பாரதக் கூத்தை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

களமே அரங்கு

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் இண்டூர். அதனைச் சூழ்ந்த தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரம், தெருக்கூத்து இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் நிலப்பகுதிகளுள் ஒன்றாகும். வேளாண் பணிகள் ஓய்ந்திருக்கும் மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களில், திரௌபதி அம்மன் கோவில்களை மையமாகக் கொண்டு இங்குப் பாரத விழாக்கள் நடைபெறுகின்றன. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. பகலில் செவியால் கேட்ட கதையை இரவில் கண்ணால் காண்கின்றனர் மக்கள்.

இவ்விழாவில் பார்வையாளர் என்றொரு தனிக்கூட்டம் இல்லை எனலாம். அருச்சுனன் தவத்தின்போது நடப்பட்ட உயர்ந்த மரத்தின்மீது கூத்தர் ஏறுவார்; அங்கிருந்து அவர் எறியும் பழங்களைப் பெறக் கீழே மக்கள் காத்திருப்பர். பதினெட்டாம் போரன்று துரியோதனனின் பேருருவம் மண்ணால் அமைக்கப்பட்டு, அதன்மீதே படுகளக் காட்சி நிகழும். அதனைத் தொடர்ந்து தீமிதி நடைபெறும். கட்டியங்காரன் உள்ளூர்ச் செய்திகளைத் தன் நகைச்சுவையில் கலந்து பேசுவான். கூட்டத்திலிருந்து மறுமொழி எழும். இவ்வாறு ஊரே அரங்காகவும் ஊராரே கதைமாந்தராகவும் மாறும் நிகழ்வே பாரத விழா.

திரை என்னும் சொல்

தமிழர் அரங்கக்கலையின் தொன்மையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை விரிவாக எடுத்துரைக்கிறது. ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக ஆடரங்கு அமைக்கப்பட்டதை அக்காதையால் அறிகிறோம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் அங்குப் பயன்படுத்தப்பட்டன.

தெருக்கூத்திலும் திரைக்குத் தனியிடம் உண்டு. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்க, வேடமிட்டவர் அதன் பின்னே நின்று தம் வருகையைப் பாடுவார். முதலில் சலங்கையொலி கேட்கும். பின்னர்க் குரல் கேட்கும். மேலே கிரீடம் தெரியும். காண்போரின் ஆவல் பெருகும் வேளையில் திரை விலகும். இத்திரை காட்சியை மறைப்பதற்காக மட்டும் பிடிக்கப்படுவதன்று. காண்போரின் ஆவலை வளர்ப்பதற்காகவும் பிடிக்கப்படுவது.

துணித்திரையைக் குறித்த அதே சொல் பின்னர்த் திரைப்படத்திற்கும், இன்று கணினி, கைப்பேசி ஆகியவற்றின் ஒளிர்பரப்பிற்கும் பெயராகியுள்ளது. ஆயினும் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கூத்தின் திரை விலகும். விலகியபின் ஆடுவோரும் காண்போரும் ஒரே காற்றை உயிர்ப்பர். மின்திரை விலகுவதில்லை, காட்சி முழுவதும் அதற்குள்ளேயே நிகழ்ந்து முடிகிறது.

முடங்கிய பருவம்

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அது கூத்துக்கலைஞர்கள் ஆண்டு முழுமைக்கும் பொருளீட்டும் விழாப்பருவம். விழாக்கள் நின்றதால் கூத்தாடுவோர், முகவீணை, மத்தளம், ஆர்மோனியம் இசைப்போர், ஒப்பனை செய்வோர் எனப் பலரும் வருவாய் இழந்தனர்.

அக்காலத்தில் மெய்நிகர் நிகழ்வுகள் பெருகின. மதுரை மீனாட்சியம்மன் திருக்கல்யாணம் 2020 மே 4 அன்று பக்தர்கள் கூடாமல் நடைபெற்று, இணையத்தில் நேரலையாகக் காட்டப்பட்டது. 1928-இல் தொடங்கப்பெற்ற சென்னை மியூசிக் அகாதெமி, அவ்வாண்டு டிசம்பர் இசைவிழாவை இணையவழியில் நடத்தியது. அரங்கிற்கு வர இயலாத தொலைநாட்டுத் தமிழரும் முதியோரும் தம் இல்லத்திலிருந்தே கச்சேரிகளைக் கேட்டனர்.

ஆனால், எல்லாக் கலைகளுக்கும் இவ்வாய்ப்பு ஒன்றுபோல் அமையவில்லை. இசைக்கச்சேரி இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓரிடத்தில் அமர்ந்து நிகழ்த்தப்படுவது. அதனை நல்ல ஒலிவாங்கிகளும் சில ஒளிப்படக்கருவிகளும் கொண்டு பதிவுசெய்துவிடலாம். கூத்து இரவு முழுவதும் நடப்பது. களம் முழுவதும் சுழல்வது. கருவிகளும் விரைவான இணைய இணைப்பும் கட்டணம் திரட்டும் அமைப்பும் நகர அரங்குகளுக்கு எளிதில் வாய்த்தன. ஊர்ப்புறக் கூத்துக்குழுக்களுக்கு அவை எளிதில் கிட்டவில்லை. தொழில்நுட்பம் பொதுவானது என்றாலும், அதன் பயன் எல்லாருக்கும் ஒருசேரக் கிடைப்பதில்லை என்பதை அக்காலம் உணர்த்தியது.

தெரிந்து தெளிவோம்

கலையைத் தொலைவிலிருந்து நுகரும் வழக்கம் இணையத்தால் மட்டும் தோன்றியதன்று. 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. 1930-இல் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938-இல் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் செயல்படத் தொடங்கின. அரங்கிற்கே செல்லாதவர்களும் இசையைச் செவிமடுக்க வானொலி வழிவகுத்தது.

காலத்தாழ்வும் தாளமும்

மெய்நிகர் அரங்கின் எல்லையை அறிய, அஃது இயங்கும் முறையை அறிதல் வேண்டும். ஒருவர் பாடும் குரல் எண்வடிவத் தரவாக மாற்றப்பட்டு, இணையத்தின் வழியே சென்று, மறுமுனையில் மீண்டும் ஒலியாகிறது. இதற்குச் சிறிது நேரம் ஆகிறது. உரையாடலில் இத்தாழ்வு பெரிதாகத் தோன்றுவதில்லை. தாளத்திலோ நொடியின் ஒரு சிறு கூறு பிந்தினாலும் பாட்டும் முழவும் பிரிந்துவிடும். ஆகவே, வெவ்வேறு ஊர்களிலிருக்கும் கலைஞர்கள் இணையவழியே ஒரே நேரத்தில் சேர்ந்திசைப்பது கடினம். ஊரடங்குக் காலத்தில் பலர் சேர்ந்து பாடியதாக வெளிவந்த காணொலிகளில் பல, ஒவ்வொருவரும் தனித்தனியே பாடிப் பதிந்து, பின்னர் ஒன்றிணைக்கப்பட்டவையே.

கூத்தில் ஆடுபவரின் அடவைப் பார்த்து மத்தளக்காரர் அடியை மாற்றுகிறார். கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டு ஆடுபவர் சுழற்சியைக் கூட்டுகிறார். உடனுக்குடன் நிகழும் இக்கொடுக்கல் வாங்கலே கூத்தின் உயிர். அவ்வுயிரைத் திரை முழுமையாகக் கடத்துவதில்லை.

பதிவின் பயன்

அவ்வாறாயின் மெய்நிகர் முயற்சிகளால் பயனில்லையா? இதற்குத் தருமபுரியின் வரலாறே விடை கூறும். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் ஆண்ட அவ்வூரில் நிகழ்ந்த போரைப் பாடிய நூல் தகடூர் யாத்திரை. அந்நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் மேற்கோளாக இடம்பெற்றமையால் சில பாடல்கள் மட்டுமே எஞ்சின. அதே நிலத்தில், வீழ்ந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் பல, பல்லவர் கால எழுத்துகளோடு இன்றும் நின்று செய்தி சொல்கின்றன. பதியப்பட்டது நிலைத்தது, பதியப்படாதது மறைந்தது.

ஏட்டில் எழுதிய பாட்டைக் காக்கலாம். ஆனால், அடவையும் குரலையும் ஒப்பனையையும் ஏடு காக்காது. அவற்றை ஒலி, ஒளிப்பதிவுகள் காக்கும். 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனும் பெயரில் தமிழர் பண்பாட்டுச் செல்வங்களை இணையத்தில் தொகுத்து வழங்குகிறது. 2005-இல் தோன்றிய இலங்கையின் நூலகம் திட்டம், ஈழத்தமிழரின் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கிக் காத்துவருகிறது.

பதிவு மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. யுனெஸ்கோ 2003-இல் ஏற்ற அருவப் பண்பாட்டு மரபுக்கான உடன்படிக்கை, ஆவணப்படுத்துதலோடு அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தலையும் பாதுகாப்பாகவே கருதுகிறது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கூத்துக்கலைஞர் பெ. இராஜகோபாலும் அவர்தம் குழுவினரும் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தோன்றியது. அதன் குருகுலம் 2002 முதல் சிறுவர்களுக்கும் சிறுமியர்க்கும் பள்ளிக்கல்வியோடு கூத்தையும் பயிற்றியது. காணொலியைப் பார்த்து அடவை அறியலாம். ஆசானின் முன் ஆடித்தான் அடவைப் பெறலாம்.

கலைஞரின் உரிமை

விழாக்களில் பலரும் கைப்பேசியில் கூத்தைப் பதிந்து இணையத்தில் ஏற்றுகின்றனர். பார்வைகள் பெருகினால் வருவாய் ஏற்றியவருக்குச் சேர்கிறது; விடியவிடிய ஆடியவரின் பெயர்கூட அங்கு இடம்பெறாமல் போவதுண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), 1994-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வாயிலாக, நிகழ்த்துவோர்க்குத் தம் நிகழ்த்துதலின்மீது தனியுரிமை அளித்துள்ளது. அவ்வுரிமை ஐம்பது ஆண்டுகள் வரை நீடிக்கும். நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடற்கலைஞர் ஆகியோரை மட்டுமன்றிக் கழைக்கூத்தரையும் பாம்பாட்டியையும்கூடச் சட்டம் நிகழ்த்துவோராகக் கொள்கிறது. எனவே, இசைவு பெற்றுப் பதிதலும், கலைஞர், குழு, ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்தலும், வருவாயில் பங்களித்தலும் பதிவுசெய்வோரின் கடமைகளாகும்.

மெய்நிகர் அரங்கு களத்திற்கு மாற்று அன்று. களத்திற்கு அழைத்துச் செல்லும் வாயில். திரையில் ஒரு காட்சியைக் கண்டு வியந்தவர், அடுத்த மாசியில் தம் ஊர்க்களத்தில் விடியும்வரை அமர்ந்து கூத்துப் பார்ப்பாராயின், அத்திரை தன் பணியைச் செய்ததாகும். தொலைவிலிருப்போர்க்கு இணையம் போதும். ஊரிலிருப்போர்க்குக் களம் வேண்டும். கலைஞர்க்கோ இரண்டும் வேண்டும். இரண்டிலும் உரிய மதிப்பும் ஊதியமும் வேண்டும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள கலைஞர் ஒருவரின் இசைவு பெற்று, அவர் கற்ற முறை, ஆசான், ஏற்ற வேடங்கள் ஆகியன குறித்து நேர்காணல் செய்து பதிவுசெய்க.

2. ஒரே கலைநிகழ்வை நேரிலும் காணொலியிலும் கண்டு, நீங்கள் உணர்ந்த வேறுபாடுகளைப் பட்டியலிடுக.

3. ‘கலை வளர்ச்சிக்கு மெய்நிகர் அரங்கு துணையா, தடையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.