தொலைந்த அட்டையும் தொலையாத உரிமையும்



தாயகத்தில் பணப்பை தொலைந்தால், அதிலிருந்த பணத்தோடு இழப்பு முடிந்துவிடும். இங்கே கடனட்டை தொலைந்தால், இழப்பு அப்போதுதான் தொடங்குகின்றது. அவ்விழப்பு யாரைச் சாரும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் இதனை ஒரு பாடமாகத் தருகின்றேன்.

அவுஸ்திரேலிய வங்கிகள் 1974ஆம் ஆண்டு ‘பாங்க்கார்ட்’ என்னும் கடனட்டையை அறிமுகஞ் செய்தன. அக்காலத்தில் கையொப்பமே ஆளை உறுதிப்படுத்தியது. 2014 ஆகஸ்ட் 1 முதல் கடைகளில் கையொப்பத்தின் இடத்தை இரகசிய இலக்கம் பெற்றது. சிறு தொகைகளுக்கு அவ்விலக்கமும் வேண்டியதில்லை. அட்டையைக் கருவியிற் காட்டினாற் போதும். கையொப்பத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட இயலாது. இலக்கத்தையோ ஒரு நொடியிற் சொல்லிவிடலாம்.

இந்நாட்டில் 2013இல் நடைமுறைக்கு வந்து, 2022இல் திருத்தப்பட்ட இலத்திரனியற் கொடுப்பனவு நெறிக்கோவை ஒன்று உண்டு. பெரும்பாலான வங்கிகள் இதனை ஏற்றுள்ளன. இதன் சாரம் வருமாறு:

1. அட்டை தொலைந்ததை வங்கிக்கு அறிவித்த பின்னர், பிறர் செய்யும் செலவுக்கு நீங்கள் பொறுப்பல்லர்.

2. இரகசிய இலக்கம் இன்றிப் பிறர் அட்டையைப் பயன்படுத்தியிருப்பின், நீங்கள் காரணமின்றி அறிவிக்கத் தாமதித்தாலன்றி, பொறுப்பு உங்களதன்று.

3. இலக்கம் பயன்பட்டிருந்து, அது எவ்வாறு வெளியாயிற்று என்பது தெளிவாகாவிடின், உங்கள் பொறுப்பு 150 டொலருக்கு மேற்படாது.

4. இலக்கத்தை அட்டையோடு எழுதி வைத்ததோ, விரும்பிப் பிறருக்குச் சொன்னதோ இழப்புக்குக் காரணமென வங்கி நிறுவினால், அறிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களைச் சேரக்கூடும்.

நான்காவது விதியைப் பெற்றோர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ‘பிறர்’ என்பதனுள் குடும்பத்தினரும் நண்பரும் அடங்குவர். எங்கள் வீடுகளில் தந்தையின் இலக்கத்தை மகன் அறிவான். தாயின் இலக்கத்தை மகள் அறிவாள். நாம் அதனை அன்பெனக் கொள்கின்றோம். நெறிக்கோவையோ அதனைக் காவற் குறைவெனக் கொள்கின்றது. வாழ்க்கைத் துணைக்கு அட்டை தேவையெனின், வங்கியிடம் மேலதிக அட்டை கேட்டுப் பெறுக. பிள்ளையின் உதவி வேண்டுமெனின், படிவத்தை வாசிக்கச் சொல்லுக, இலக்கத்தைச் சொல்லற்க. வங்கியின் பெயரால் தொலைபேசியில் அழைப்பவருக்கும் அவ்வாறே.

அட்டை தொலைந்தால் செய்ய வேண்டியவை: உடனே வங்கியின் செயலியில் அட்டையை முடக்குக, அல்லது தொலைபேசியில் அறிவிக்க. வங்கியின் இலக்கம் அட்டையின் பின்புறத்தில் இருப்பதால், அதனை முன்னரே வேறிடத்திற் குறித்து வைத்தல் நன்று. அறிவித்த நேரத்தையும் வங்கி தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிக் கொள்க. கணக்கு அறிக்கையை வரிவரியாகப் பார்த்து, நீங்கள் செய்யாத செலவுகளை மறுத்துரைக்க. ஆங்கிலம் தடையெனின், 131 450 என்னும் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வங்கியின் முடிவு நியாயமற்றதெனின், 2018 நவம்பரில் தொடங்கிய அவுஸ்திரேலிய நிதி முறைப்பாட்டு ஆணையகத்தை 1800 931 678இல் அணுகலாம், கட்டணம் இல்லை.

அலுவலகங்களின் படியேறவே அஞ்சிய காலம் எங்களிற் பலருக்கு இருந்தது. அவ்வச்சத்தாலோ, ‘கவனமில்லாதவர்’ எனப் பெயர் வருமென்ற வெட்கத்தாலோ, தொலைந்ததை இரண்டு நாள் மறைப்போர் உளர். மறைக்கும் ஒவ்வொரு மணியும் கள்வனுக்கே உதவும். அட்டையைத் தொலைத்தல் குற்றமன்று. முறைப்பாடு செய்தல் உங்கள் உரிமை.

பயிற்சி

அ. பின்வருஞ் சொற்களை வாக்கியங்களில் அமைக்க: கடனட்டை, கணக்கு அறிக்கை, முறைப்பாடு, பொறுப்பு.

ஆ. ஒருவர் வங்கி அலுவலராகவும் மற்றவர் அட்டையைத் தொலைத்தவராகவும் நின்று தமிழில் உரையாடுக. இரகசிய இலக்கத்தைச் சொல்பவர் தோற்றவராவர்!